ஆறுமணிக் குருவியைக் காணும் வழி

வன்னிப் பெருநிலத்திலே ஒரு பறவை உண்டு. அதன் குரலைக் கேட்டவர் பலர். உருவைக் கண்டவர் சிலர். கிழக்கு வெளுக்கும் வேளையிலும், மாலை மங்கி வீடுகளில் விளக்கேற்றும் வேளையிலும், காட்டோரப் பற்றைக்குள்ளிருந்து இரண்டு சுரங்களில் ஒரு சீழ்க்கை எழும். சிறிது நேரத்தில் அப்பாலுள்ள இன்னொரு பற்றையிலிருந்து அதற்கு மறுமொழி வரும். வயலுக்குப் புறப்படும் கமக்காரரும், மாடுகளைப் பட்டிக்குச் சாய்த்து வருவோரும் அக்குரலை நன்கறிவர். ஆறு மணியளவிற் கூவுவதால் ஆறுமணிக் குருவி என்று அதற்குப் பெயர் அமைந்தது.

இப்பெயர் நம் நாட்டிற்குப் பெரிதும் பொருந்துவதாகும். வன்னி, மத்தியகோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் அமைந்தது. ஆகவே ஆண்டு முழுவதும் கதிரவன் ஆறு மணியை ஒட்டியே உதித்து, ஆறு மணியை ஒட்டியே மறைகின்றான். பருவந்தோறும் ஏற்படும் வேறுபாடு ஒரு மணி நேரத்துக்கு உட்பட்டதே. மார்கழியில் எட்டு மணிக்குப் பொழுது புலரும் இலண்டன் நகரிலே, வெளிச்சத்தை நோக்கிக் கூவும் ஒரு பறவைக்கு எவரும் இப்படிப் பெயரிட்டிருக்க மாட்டார். உண்மையில், இக்குருவி மணியைப் பார்ப்பதில்லை. மங்கிய ஒளியையே பார்க்கின்றது. மப்பு மூடிய நாளிலும், மழை ஓய்ந்த வேளையிலும் அது நண்பகலிற் கூவுவதும் உண்டு.

தோட்டக்கள்ளன் என்பது இதற்கு வழங்கும் மற்றொரு பெயர். வேலியோரத்திலும் செடிகளின் அடியிலும் பதுங்கிப் பதுங்கித் திரிவதைக் கண்டு நம் முன்னோர் அப்பெயரை இட்டனர் போலும். ஆனால் இக்கள்ளன் திருடுவது நமது காயையுமன்று, கனியையுமன்று. மண்ணிலுள்ள புழுவையும் பூச்சியையுமே.

ஒன்பது நிறங்கள்

மைனாவிலும் சற்றுச் சிறியது ஆறுமணிக் குருவி. நீளம் ஏறத்தாழ 19 சென்ரிமீற்றர். நிறை 47 முதல் 66 கிராம் வரை. தடித்த உடலும், நீண்ட கால்களும், வால் என்று சொல்வதற்கும் போதாத குட்டை வாலும் கொண்டது. அதன் நிறங்களை எண்ணப் புகுந்தால் வியப்பு மேலிடும். முதுகு பச்சை. தோளிலும் வாலடியிலும் மின்னும் நீலம். மார்பு இளமஞ்சள் கலந்த பழுப்பு. அடிவயிறு குங்குமச் சிவப்பு. தொண்டை வெண்மை. கண்ணின் குறுக்கே அகன்ற கரும்பட்டை. அதன் மேல் வெண்ணிறப் புருவக்கோடு. உச்சந்தலையின் நடுவே இன்னுமொரு கருங்கோடு. இந்தி மொழி பேசுவோர் இதனை ‘நவரங்’, அதாவது ஒன்பது நிறத்தான் என்று அழைப்பது சாலவும் பொருத்தமானதே.

இத்துணை நிறங்களைப் பூண்ட பறவை கண்ணுக்கு எளிதிற் புலப்பட வேண்டாமா என்று மாணவர் வினவலாம். மறைந்திருக்கும் திறமையே இதன் உயிர்க்காப்பு. ஒளி நிறைந்த வெளிக்கு இது வருவதில்லை. அடர்ந்த நிழலிலே தரையிற் சஞ்சரிக்கின்றது. மேலிருந்து நோக்கும் வல்லூறுக்கும், நின்று நோக்கும் மனிதனுக்கும் தெரிவது பச்சை முதுகு ஒன்றே. இலையும் நிழலும் கலந்த தரையில் அம்முதுகு கரைந்துபோகின்றது. சிவப்பும் மஞ்சளும் உடலின் கீழ்ப்புறத்தில் அடங்கியுள்ளன. ஆபத்தை உணர்ந்தால் சிலைபோல அசையாது நிற்கும். மேலும் நெருங்கினால் தாழப் பறந்து அடுத்த பற்றைக்குள் மறையும். அவ்வாறு பறக்கும்போது சிறகில் ஒரு வெண்புள்ளி பளிச்சிடும். பலர் தம் வாழ்நாளில் இக்குருவியைக் கண்டது அந்த ஒரு வெண்மின்னல் அளவிலேதான்.

மழையைத் தொடரும் பயணி

ஆறுமணிக் குருவி வன்னியிற் பிறப்பதன்று. இமயமலையின் அடிவாரக் காடுகளும், மத்திய இந்தியக் காடுகளும், மேற்குத் தொடர்ச்சி மலைச்சாரலுமே அதன் தாயகம். தென்மேற்குப் பருவமழை அங்கே பெய்யும் காலத்தில், சுள்ளிகளாலும் இலைகளாலும் வேர்களாலும் உருண்டை வடிவில், பக்கவாட்டில் வாயில் வைத்துக் கூடு கட்டும். நான்கு அல்லது ஐந்து முட்டைகளை இட்டுக் குஞ்சு பொரிக்கும். அங்கு மழை ஓய்ந்து நிலம் வறளத் தொடங்கியதும் தெற்கு நோக்கிப் புறப்படும். தமிழ்நாட்டின் கோடிக்கரைக் காட்டிலும், சென்னை நகரின் மரஞ்செறிந்த தோட்டங்களிலும் செத்தெம்பர், ஒக்டோபர் மாதங்களில் இது தென்படுவது வழக்கம். பின்னர் கடலைத் தாண்டி இலங்கையை அடைகின்றது. இங்கே கரையோரம் முதல் மலைநாடு வரை பரந்து, ஏப்பிரில் மாதம் வரை தங்குகின்றது.

வன்னியின் வேளாண்மை நாட்காட்டியோடு இதனை ஒப்பிட்டு நோக்குவோம். ஒக்டோபரில் முதல் மழை விழுந்து, காலபோகத்திற்கு நெல் விதைக்கும்போது குருவி வருகின்றது. வாடைக்காற்று வீசி மாரி பொழியும் கார்த்திகையிலும் மார்கழியிலும் நம்மோடு இருக்கின்றது. பொங்கல் கடந்து, அறுவடை முடிந்து, சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் காலத்தில் விடைபெறுகின்றது. பாலை மரம் பழுத்துக் கரடிகள் அதன் அடியிற் கூடும் கோடையை அது காண்பதில்லை. வடக்கே தென்மேற்கு மழையையும், இங்கே வடகீழ் மழையையும் நாடி, ஆண்டு முழுவதும் ஈரநிலத்திலேயே வாழும் பறவை இது. ஈரமான சருகின் கீழேதானே மண்புழுவும் கறையானும் வண்டும் நத்தையும் மிகுந்திருக்கும்!

இவ்வளவு தூரத்தையும் அது இரவிலேயே கடக்கின்றது. ஐம்பது, அறுபது கிராம் நிறையுள்ள ஒரு சிற்றுயிர், வழிகாட்டுவாரின்றி இருளிலே கடலைத் தாண்டுவதை எண்ணிப் பாருங்கள். வந்து சேரும் நாட்களில் மிகவும் களைத்துப் போயிருக்கும். விளக்கொளியால் மயங்கி வீட்டினுள்ளே புகுவதும், கண்ணாடி யன்னலில் மோதி விழுவதும் உண்டு.

பெயரும் கதையும்

உயிரினங்களுக்குப் பெயர் வகுத்த சுவீடன் நாட்டு அறிஞர் லினேயசு, 1766 ஆம் ஆண்டில் இப்பறவையை விவரித்தபோது அதனைக் காக்கை இனத்தோடு சேர்த்துவிட்டார். 1816 இல் பிரான்சு நாட்டவரான வியேலோ இதற்கெனத் தனிப்பேரினம் வகுத்து, ‘பிட்டா’ எனப் பெயரிட்டார். குருவியைக் குறிக்கும் தெலுங்குச் சொல் அது. திராவிட மொழியொன்றின் வீட்டுச் சொல் இன்று உலகமெங்கும் விஞ்ஞானிகளின் நாவில் வழங்குகின்றது. ஆசியா, ஆபிரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய கண்டங்களில் வாழும் நாற்பதுக்கு மேற்பட்ட இனங்களுக்கு இதுவே குடும்பப் பெயராகிவிட்டது. அவற்றுள் இலங்கைக்கு வருவது இந்த ஒன்றே.

சிங்கள மக்கள் இதனை ‘அவிச்சியா’ என்பர். அவர்களிடையே ஒரு நாட்டுக்கதை வழங்குகின்றது. முன்னொரு காலத்தில் மயில், தன் திருமணத்திற்கென இக்குருவியின் அழகிய ஆடையை இரவல் வாங்கியதாம். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவில்லையாம். அன்று தொட்டு இது காலையும் மாலையும் முறையிட்டுத் திரிகின்றதாம். நீண்ட தோகையுடைய மயிலையும், வாலற்ற இக்குருவியையும் ஒரே காட்டிற் கண்ட மக்களின் கற்பனை இது.

இலங்கைப் பறவைகளை ஆராய்ந்தோருள் ஆங்கிலப் படை அதிகாரியான வின்சென்ற் லெக் குறிப்பிடத்தக்கவர். அவருடைய பெருநூல் 1880 இல் முற்றுப்பெற்றது. கொழும்பு நூதனசாலையிற் பணியாற்றிய ஜி. எம். ஹென்றி, தம் கையாலேயே ஓவியம் தீட்டி 1955 இல் வெளியிட்ட நூல், பின்வந்த பறவை நோக்குநர் பலருக்கு வழிகாட்டியாயிற்று.

செவியே கண்

வன்னியிற் பறவை பார்க்கச் செல்வோர் பெரும்பாலும் நீர்நிலைகளையே நாடுவர். 1938 இல் சரணாலயமாகி 2015 இல் தேசியப் பூங்காவாக உயர்ந்த சுண்டிக்குளமும், 1951 முதல் சரணாலயமாக விளங்கும் கொக்கிளாயும் அத்தகையன. அங்கே பூநாரைகளையும் கொக்குகளையும் நெடுந்தொலைவிலிருந்தே காணலாம். ஆறுமணிக் குருவியின் முறை வேறு. இங்கே முதலிற் பயன்படுவது செவி, பின்னரே கண்.

மார்கழி விடியல் ஒன்றிலே, ஒட்டுசுட்டானை அடுத்த காட்டோரத்தில் முதியவர் ஒருவரோடு நாம் நின்றோம். குரல் கேட்டதும் அத்திசையில் விரைய முற்பட்ட இளைஞர்களை அவர் கையமர்த்தி, “தம்பியவை, காலைத் தூக்காதேங்கோ. அவர் இருக்கிற இடத்துக்கு நாங்கள் போனால் அவர் போயிடுவார். நாங்கள் நின்றால் அவர் வருவார்” என்று மெல்லக் கூறினார். வீரை மரமொன்றின் அடியிற் சாய்ந்தவாறு அரைமணி நேரம் நின்றோம். கால்களில் நுளம்பு கடித்தது; மரங்களிலிருந்து இரவு மழையின் துளிகள் சொட்டின. பின்பு பத்து அடி தூரத்தில், சருகுக் குவியலில் ஒரு இலை புரண்டது. இலை புரண்ட இடத்திற் குருவி நின்றது. அலகால் ஒரு சருகைத் தட்டி எறிந்து, தலையைச் சரித்துப் பார்த்து, ஒரு புழுவை இழுத்தெடுத்தது. இரண்டு தத்துத் தத்தியது. குட்டை வாலை மெல்ல மேலும் கீழும் அசைத்தது. பின்னர் தலையைப் பின்னே சாய்த்து, அலகை வானை நோக்கி உயர்த்தி, அந்த இரண்டு சுரங்களையும் எழுப்பியது. எவரும் கமெராவை எடுக்கவில்லை. மூச்சையும் அடக்கிக்கொண்டு நின்றோம்.

முதியவர் கூறியதே இக்கலையின் சாரம். அதனை மாணவர்களின் பொருட்டு இங்கு விரித்துரைப்போம்.

முதலாவது, இடத்தை அறிதல் வேண்டும். மேலே மரநிழலும், கீழே பற்றையும், தரையில் ஈரச்சருகும் ஒருங்கே அமைந்த இடமே அது விரும்புவது. கனகராயன் ஆறு, பேராறு போன்றவற்றின் கரையோரக் காடுகளும், குளக்கட்டுகளின் பின்புறத்து மரச்செறிவுகளும், ஊர்மனைக்கு அருகிலுள்ள பற்றைகளும் அத்தகையன. ஒவ்வொரு குருவியும் தனக்கென ஓர் எல்லை வகுத்துக்கொண்டு அதனுள்ளே திரியும். அந்தியிலும் வைகறையிலும் அது கூவுவது, இந்த இடம் என்னுடையது என்று அயலானுக்கு அறிவிப்பதற்காகவே. ஆகவே மாலையில் ஓரிடத்திற் குரல் கேட்டால், மறுநாட் காலையில் அதே இடத்திற் காத்திருக்கலாம்.

இரண்டாவது, மரத்தைப் பாராது தரையைப் பார்த்தல் வேண்டும். இக்குருவி இரவில் மரக்கிளையில் உறங்கினும், பகலெல்லாம் தரையிலேயே இரை தேடும். அப்போது எழும் ஓசையை வேறு ஓசைகளிலிருந்து பிரித்தறியப் பழக வேண்டும். காட்டுக்கோழி சருகைக் கால்களாற் பறபறவென்று விடாது கிளறும். சிலம்பன் குருவிகள் கூட்டமாகக் கலகலத்துக்கொண்டு வரும். ஆறுமணிக் குருவியோ தனியன். ஒரு சருகு புரளும், பின் அமைதி. ஒரு தத்து, மறுபடியும் அமைதி. இந்தத் தாளத்தை ஒருமுறை செவி பிடித்துக்கொண்டால் பின்னர் மறவாது.

மூன்றாவது, அசையாமை. மங்கிய நிற ஆடை அணிந்து, ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, பேசாது நிற்க வேண்டும். கையசைவு குரலினும் விரைவாக அதனை விரட்டும். தொலைநோக்கி இருப்பின் நன்று, இல்லாவிடினும் குறைவில்லை. பொறுமையாக நிற்பவனுக்கு அது பத்தடி தூரத்திலேயே காட்சி தரும்.

நான்காவது, பாதுகாப்பு. விடியலிலும் அந்தியிலும் வன்னிக் காடுகளில் யானையும் கரடியும் நடமாடும். சிறுவர் தனியே செல்லலாகாது. காட்டை நன்கறிந்த பெரியவர் உடன் வருதல் வேண்டும். 2009 இல் முடிவுற்ற போரின் எச்சங்களும் சில இடங்களில் மண்ணிற் புதைந்துள்ளன. மிதிவெடி எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் அதற்கப்பால் ஓரடியும் வைக்கலாகாது. பாதையில் நின்றே பார்ப்பதற்கு ஏற்ற பறவை இது. பாதையை விட்டு விலகவேண்டிய தேவையே இல்லை.

ஐந்தாவது ஒன்றையும் வற்புறுத்திக் கூறுதல் வேண்டும். பதிவுசெய்த குரலைக் கைத்தொலைபேசியில் ஒலிக்கச் செய்து பறவையை வெளியே அழைக்கும் வழக்கம் இக்காலத்திற் பரவியுள்ளது. தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டான் என்று எண்ணி, உண்ணுவதை விட்டு அது பதைபதைத்து ஓடிவரும். நெடுந்தூரம் பறந்து களைத்து வந்த விருந்தாளியை வாயிலில் நின்று பொய்யுரைத்து அலைக்கழிப்பது நம் பண்பாகாது.

விருந்தாளிக்கு ஒரு மூலை

உலக அளவில் இவ்வினம் அழிவின் விளிம்பில் இல்லை. ஆயினும் அது தங்கும் இடங்கள் குறைந்து வருவதை நாம் மறத்தலாகாது. பெருமரங்களை வெட்டினாற்றான் காடு அழியும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆறுமணிக் குருவிக்கு மரம் மட்டும் போதாது. மரம் நின்றும், கீழேயுள்ள பற்றையைச் செருக்கிச் சருகைக் கொளுத்திவிட்டால் அவ்விடம் அதற்குப் பாலைவனமே. காட்டுக்கோழிக்கும் முயலுக்கும் வைக்கும் கண்ணி, தரையில் நடக்கும் இப்பறவையையும் பிடித்துவிடும். பூனைகளும் இதற்குக் கொடிய பகை. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவையைக் காக்கின்றது. ஆனால் வேலியோரப் பற்றையைச் சட்டம் வந்து காத்து நிற்க மாட்டாது.

போரினால் இடம்பெயர்ந்து, மீண்டும் வந்து குடியேறிய குடும்பங்கள், காடுபற்றிக் கிடந்த வளவுகளை வெட்டித் துப்புரவாக்கி வீடமைத்தன. பாம்புக்கும் நுளம்புக்கும் அஞ்சி முற்றத்தைத் துப்புரவாக வைத்திருத்தல் அறிவுடைமையே. அதனை நாம் குறை கூறோம். ஆயினும் கிணற்றடியின் கழிவுநீர் பாயும் வாழைப்பாத்திக்கு அப்பால், வளவின் கோடியிலே, நாலு மரத்தின் கீழ் ஒரு மூலையைப் பற்றையாகவே விட்டு வைக்கலாம் அன்றோ? கூட்டிய சருகைக் கொளுத்தாது அங்கே கொட்டலாம். அது மக்கி மரத்திற்கு உரமாகும். அதன் கீழே புழு பெருகும். ஒக்டோபரில் ஒரு நாள் மாலை, அந்த மூலையிலிருந்து இரண்டு சுரங்கள் எழக்கூடும்.

குருவி களைத்துப்போய் வீட்டினுள் விழுந்து கிடந்தால் என்ன செய்வது என்பதையும் இல்லத்தரசியர் அறிந்திருத்தல் நன்று. காற்றுப்புகத் துளையிட்ட ஒரு கடதாசிப் பெட்டியில் மெல்ல எடுத்து வைத்து, மூடி, அமைதியும் இருளுமான இடத்தில் வைக்கவும். அலகைத் திறந்து நீர் வார்க்க வேண்டாம். மூச்சில் நீர் புகுந்துவிடும். சோறோ பாணோ ஊட்டவும் வேண்டாம். சில மணி நேரத்தில் தெளிந்துவிடின், பொழுது சாயும் வேளையில் பற்றையோரம் கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்துவிடவும். காயம் இருப்பின் வனஜீவராசிகள் திணைக்களத்தாருக்கு அறிவிக்கவும்.

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். ஒரு கொப்பியை எடுத்து, இவ்வாண்டு முதற்குரல் கேட்ட நாளையும், சித்திரையில் இறுதிக்குரல் கேட்ட நாளையும், இடத்தையும், அன்று மழை பெய்ததா என்பதையும் எழுதி வையுங்கள். ஆண்டுதோறும் தவறாது எழுதுங்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1976 முதல் இயங்கும் இலங்கைப் பறவையியல் களக்குழு போன்ற அமைப்புகள் இத்தகைய குறிப்புகளால் பெரிதும் பயனடையும். கிளிநொச்சியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலும், 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிலும் பயிலும் இளைஞர்கள், தம் விடுதிக்கு அருகிலேயே இவ்வேலையைத் தொடங்கலாம். இதற்குப் பெருங்கருவி எதுவும் வேண்டுவதில்லை. மாலை ஆறு மணிக்கு வானொலியையும் தொலைபேசியையும் சற்றே நிறுத்திவிட்டு, வாயிற்படியிற் பத்து நிமிடம் செவிகொடுத்து அமர்ந்திருந்தாற் போதும்.